அங்கே, இங்கே, உங்கே

எனக்கு எழுதிய கேள்வியின் தலைப்பில் நீங்கள் கேட்டிருப்பது, "அகதிகளின் அனுபவத்தைக் கவிதை எப்படி வெளிப்படுத்துகிறது?" என்பது. ஆனால் அதற்குக் கீழே நான்கு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. தேவகோட்டையில் உங்களோடு படித்த தோழர் ஒருவர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர். அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதி அவரிடமே காட்டியிருக்கிறீர்கள். அவர் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நான் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஆக, நீங்கள் கேட்பது இரண்டு: இடம்பெயர்ந்தவனின் அனுபவம் கவிதைக்குள் எந்த வழியாக நுழைகிறது? இடம்பெயராத நான் அதை எழுதலாமா?

காரைக்குடிப் பக்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு முகாமில் மாலை வகுப்பு எடுத்தேன். அகதியாக வாழ்ந்ததில்லை. பிற நாட்டுக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்திருக்கிறேன். இந்த எல்லைக்குள் நின்றுதான் சொல்ல முடியும்.

உங்கள் கேள்விக்கு மிகப் பழைய பதில் நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி மாண்டு, அவன் பெண்கள் மலையை விட்டு இறங்கிய பிறகு பாடியதாகப் புறநானூற்றில் 112-ஆம் பாட்டு இருக்கிறது. ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். பழகிப்போனதால் இதில் என்ன இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. அழுகை என்ற சொல் இல்லை. பசி, பயணம், இரத்தம் எதுவும் இல்லை. முதலடியையும் மூன்றாமடியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். திங்கள் அதே திங்கள், வெண்ணிலவும் அதே வெண்ணிலவு. மாறியிருப்பது அகரம் இகரமானது மட்டும். அற்றை இற்றையாகிறது, அவ்வெண் இவ்வெண்ணாகிறது. ஒரு மலையும் ஒரு தகப்பனும் போன தூரம் ஒரு சுட்டெழுத்துக்குள் அடங்கிவிட்டது.

இலக்கண ஆசிரியனாக இன்னொன்றும் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். 'உடையேம்', 'இலம்' இரண்டும் குறிப்பு வினைமுற்று. காலம் காட்டா. 'கொளார்' எதிர்மறை, அதிலும் காலத்துக்கு உறுப்பில்லை. ஐந்தடியிலும் காலத்தை வெளிப்படையாகக் காட்டும் வினைமுற்று ஒன்றே ஒன்று: 'கொண்டார்'. எடுத்துக்கொண்டார்கள். நடந்தது அது மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை உடைமையும் இன்மையும். பாடியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். மொழியின் இயல்பே அப்படி இருந்திருக்கலாம். ஆனால் வந்திருக்கும் விளைவு அதுதான்.

'யாம்' என்ற சொல்லையும் பாருங்கள். நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. யாம் என்றால் கேட்பவர் வெளியே. இன்றைய நாங்கள். அந்தப் பெண்கள் நம்மை உள்ளே அழைக்கவில்லை. உங்கள் தோழர் உங்கள் கவிதையில் தன்னைக் காணாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கவிதையை நீங்கள் இணைக்கவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: அதில் "நாம் இழந்தோம்" என்ற மாதிரி எங்கேனும் எழுதியிருப்பீர்கள்.

இதே நிகழ்ச்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர் பாடிய பாட்டுகளும் அதே நூலில் அடுத்தடுத்து இருக்கின்றன. பாரியின் நண்பர் கபிலர். அவர் குரல் முற்றிலும் வேறு. 116-ஆம் பாட்டில் அந்தப் பெண்கள் இப்போது குடியிருக்கும் இடத்தைக் காட்டுகிறார். புல் மூடிய வழிகள், முள்வேலி, பஞ்சு கிடக்கும் முற்றம், சிறிய வீடு, பீர்க்கும் சுரையும் படர்ந்த ஓரம். அங்கே ஈச்ச இலைக் குப்பைமேட்டில் ஏறி நின்று, அந்த வழியாகப் போகும் உப்பு வணிகரான உமணரின் வண்டிகளை அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "நோகோ யானே" என்கிறார் கபிலர். ஏன் நோக வேண்டும்? சிறுமிகள் வண்டி எண்ணுவது எங்கும் நடப்பதுதானே? பாட்டின் கடைசி அடிகளில்தான் பதில் வருகிறது. இவர்கள் முன்பு மலைமேல் நின்று, தகப்பன் மேல் படையெடுத்து வந்த வேந்தர்களின் பொற்சேணம் பூண்ட குதிரைகளை எண்ணியவர்கள்.

முப்பத்திரண்டு ஆண்டில் இந்தப் பாட்டை எத்தனை வகுப்பில் நடத்தியிருப்பேனோ தெரியாது, ஒரு முறையும் குரல் தடுமாறாமல் இந்த இடத்தைக் கடந்ததில்லை. மலை போய்விட்டது, எண்ணும் பழக்கம் போகவில்லை. எண்ணுவதற்குக் கிடைத்தது உப்பு வண்டி. உயரத்துக்குக் கிடைத்தது குப்பைமேடு. இடப்பெயர்வைக் கவிதை பிடிப்பது இந்த இடத்தில்தான் என்பது என் முடிவு. ஊரோடு போயிருக்க வேண்டிய ஒரு சின்னப் பழக்கம் போகாமல், பொருந்தாத இடத்தில் நின்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பாதிக் கவிதை கிடைத்துவிட்டது.

இதில் எது உறுதி, எது பேச்சுவழக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பாட்டுகளும் பாடியோர் பெயர்களும் ஏட்டில் இருந்தபடி 1894-இல் உ.வே.சா. பதிப்பித்தவை. பாட்டின் கீழே உள்ள குறிப்பான கொளு சொல்வது 'பாரி மகளிர்' என்று மட்டும். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபு, சங்கப் பாட்டில் இல்லை. பிரான்மலைதான் பறம்பு என்பதும் நெடுநாளாக ஏற்கப்பட்ட அடையாளம், அவ்வளவே. இந்தப் பகுதி நகரத்தார், அதாவது செட்டியார்கள், தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள் என்று சொல்வதும் அப்படியான மரபுச் செய்திதான். அந்த ஊரைத்தான் சிலப்பதிகாரம் "பதியெழு அறியாப் பழங்குடி" வாழும் ஊர் என்கிறது. ஊரை விட்டுக் கிளம்புதல் என்பதையே அறியாத குடிகளாம். அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் ஒன்பது கோயில் பிரிவுகளாகப் பிரிந்து இங்கே குடியேறினார்கள் என்றால், கவிஞர்கள் ஒரு ஊரைப் புகழும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டில் இடப்பெயர்வு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பர்மா. என் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கி ஒன்றில் சமையல்காரர். முதலாளிகள் 'கொண்டுவிற்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார்கள், இவர் அவர்களுக்கு வடித்துப்போடப் போனார். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தே கிளம்பினார்கள். தாத்தா நடந்தது தமு வழியாக இம்பால், அங்கிருந்து திமாப்பூரில் ரயில். வழியில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர் வாயிலிருந்து அந்த நடையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆனால் காரைக்குடிக்கு வந்த பிறகு, சாகும் வரைக்கும், உலையில் அரிசி போடும்போது அளந்து போட்டுவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். "எதற்கு?" என்று அப்பத்தா கேட்டால், "பின்னால் ஆள் வருகிறது" என்பார். யாரும் வந்ததில்லை. மறுநாள் அது நீராகாரத்துக்குப் போகும்.

இதைக் கவிதையாக்க மூன்று முறை முயன்றேன். மூன்றும் தோல்வி. ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தப் பின்னால் வந்தவர்கள் யார், எங்கே விழுந்தார்கள் என்று விளக்கப் புகுந்துவிட்டேன். கபிலர் குதிரைகளை எண்ணியதைச் சொன்னதும் பாட்டை முடித்துக்கொண்டார். எனக்கு அந்த அடக்கம் வரவில்லை. பயணத்தின் விவரம் வேண்டுமென்றால் உரைநடைதான் சரி. ரங்கூனிலிருந்து நடந்து வந்த வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பர்மா வழி நடைப் பயணம்' படியுங்கள். நாள், ஊர், படகு, கூலி எல்லாம் அதில் கிடைக்கும். கவிதையிடம் வழித்தடத்தைக் கேட்கக் கூடாது.

பர்மாவைச் சொல்லும்போது நம்மவர் பலர் விட்டுவிடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் நிலம் வாங்கப் போனவர்கள் இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைக்கு வந்தது. வந்தது எப்படியோ, நிலத்தை இழந்து குத்தகைக்காரனாகிப்போன பர்மிய விவசாயி ஒருவன் பாட்டுக் கட்டியிருந்தால், "குன்றும் கொண்டார்" என்ற அடியில் வேந்தராக நின்றிருப்பவர்கள் யார்? நாம்தான். இந்தப் பக்கத்து வீடுகளின் தேக்குத் தூண்களைத் தொடும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். தூணில் சாய்ந்து உட்காராமல் இருந்ததும் இல்லை.

1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையான பிறகு வந்தவர்கள் வேறு வகை. பலர் அங்கேயே பிறந்தவர்கள். செட்டியாருக்குத் திரும்ப முகப்பும் வளவும் கொண்ட வீடு இருந்தது. இவர்களுக்குத் திரும்பிவர ஊர் இல்லை, ஆனால் அரசாங்கத் தாளில் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அதே 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கும் அதே பெயர்தான். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து படகில் வந்தவர்களுக்கு 'அகதி' என்று பெயர். 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அகதி என்ற சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். ஏதிலி என்று எழுதுபவர்களும் உண்டு. அது அயலார் என்ற பொருளிலிருந்து வந்தது. எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதிலேயே யார் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். உங்கள் கவிதையில் எது இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இரண்டும் இல்லாமல் எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

முகாமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கவிதை எழுதிக் கொண்டுவந்தாள். தமிழ்நாட்டிலேயே பிறந்தவள், இலங்கையைப் பார்த்ததில்லை. அவள் அம்மம்மாவைப் பற்றிய கவிதை. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருப்பது, பத்துக்குப் பத்து அறையில் யார் எந்தச் சுவரோரம் படுப்பது, அரசு தரும் பணக்கொடை வாங்கும் நாள், இப்படிப் போனது. அங்கே என்றால் அம்மம்மாவின் ஊர். இங்கே என்றால் அவள் படிக்கும் பள்ளி, கடைத்தெரு, நாம் எல்லோரும். முகாமைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'உங்கே' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து 'இங்கே' என்று திருத்திக் கொடுத்தேன். "அம்மம்மா அப்படித்தான் சொல்வார், ஐயா" என்றாள். பள்ளியில் உந்த, உது என்று வாய் தவறி வந்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். அதனால் பேச்சில் விட்டுவிட்டாளாம். எழுத்தில் மட்டும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்பது தொல்காப்பியம். அகரம் சேய்மை, இகரம் அண்மை, உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டது. நம் பக்கத்துப் பேச்சில் உகரச் சுட்டு செத்துப் பல காலம் ஆகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கேயும் இல்லாத, இங்கேயும் சேராத இடத்துக்கு அந்தப் பெண் தமிழில் இருக்கும் சரியான சொல்லைப் போட்டிருக்கிறாள். தொல்காப்பியம் நடத்திய வாத்தியார் அதைப் பிழை என்று அடித்திருக்கிறேன். மறுநாள் போய் என் திருத்தத்தை நானே அடித்தேன். "பரவாயில்லை ஐயா, 'இங்கே' என்றே இருக்கட்டும், பள்ளி மலரில் போட்டால் கேலி செய்வார்கள்" என்றாள். மலரில் 'இங்கே' என்றுதான் வந்தது.

ஈழத்துக் கவிதையில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 1985-இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', 1986-இல் வந்த பெண்களின் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்' இரண்டையும் சொல்வேன். இரண்டும் 1990-களின் பெரிய இடப்பெயர்வுகளுக்கு முந்தியவை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி மக்கள் ஒரே இரவில் கிளம்ப வேண்டியிருந்தது. இரண்டாவதைப் பற்றிய கவிதைகளைத் தேடிப் படிக்கும் நம்மில் பலர் முதலாவதைத் தேடுவதில்லை. அதுவும் தமிழில் பேசிய மக்களின் இழப்புதான். பிற மொழியில் ஒருவரைச் சொல்வதென்றால் பாலஸ்தீனத்தின் மஹ்மூத் தர்வீஷ். 1948-இல் சிறுவனாக லெபனானுக்கு ஓடி, திரும்பி வந்தபோது பிறந்த ஊரான அல்-பிர்வா அழிக்கப்பட்டிருந்தது. சொந்த நாட்டிலேயே 'இருந்தும் இல்லாதவர்' என்ற சட்டப் பிரிவுக்குள் தள்ளப்பட்டார். அது முழுக்க முழுக்க உகரச் சுட்டு.

ஓர் இடைச்செருகல். அகதி பற்றி யார் மேடையேறினாலும் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கிவிடுகிறார்கள். கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று கருதப்படும் மகிபாலன்பட்டியும் நம் வட்டாரம்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பாட்டு ஊர் உள்ளவன் சொல்வது. ஆற்றுநீரில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகும் என்று தெளிந்து சொல்வது. தெப்பமே இல்லாமல் ஆற்றில் நிற்பவனிடம் அதை எடுத்துச் சொல்வது அவ்வளவு மரியாதை இல்லை. அதேபோல, விட்டுவந்த வீட்டின் சாவி. அதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எல்லாரும் எழுதித் தேய்த்துவிட்டார்கள்.

இடம்பெயராதவன் எழுதலாமா என்றால், எழுதலாம். பாரதி பிஜித் தீவைப் பார்த்ததில்லை. அங்கே கரும்புத் தோட்டத்தில் பெண்கள் அழுத குரலைக் கேட்டிருப்பாயே என்று காற்றிடம் கேட்டுத்தான் அந்தப் பாட்டை எழுதினார். தனக்கு நேரே கேட்டதாக எழுதவில்லை, அதைக் கவனியுங்கள். கபிலரும் 'யான்' என்றுதான் சொன்னார், 'யாம்' என்று அவர்களுக்குள் போய் நிற்கவில்லை. பாரி மகளிருக்கு நிலவு ஒன்று போதுமாயிருந்தது. கபிலருக்கு ஈச்ச இலையும் சுரைக்கொடியும் உப்பு வண்டியும் தேவைப்பட்டன. பார்த்து எழுதுபவனுக்குச் சொற்கள் கூடத்தான் வேண்டும், அவன் பார்த்ததற்குச் சாட்சி அவைதான். இது சட்டமில்லை, என் வாசிப்பு. மறுக்கும் நல்ல கவிதைகள் இருக்கும்.

ஆகவே உங்கள் தோழரிடம் மறுபடி போங்கள். "என்ன இழந்தாய்?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பங்களுக்கு அலுத்திருக்கும், அதிகாரிகளும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர் வீட்டுப் பெரியவர்கள் எதை இன்னும் எண்ணுகிறார்கள், எதை ஒரு கை கூடப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் எழுத வேண்டாம், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்மலைக்கும் போய்வாருங்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் பஸ் உண்டு. கையில் புறநானூறு 114-ஆம் பாட்டை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மலையை விட்டுப் போகும் வழியில் கபிலர் திரும்பிப் பார்த்துச் சொன்னது: இங்கே நிற்பவர்க்கும் தெரியும், சிறிது தூரம் போய் நிற்பவர்க்கும் தெரியும், அவன் குன்று. திரும்பும்போது பஸ்ஸில் கடைசி இருக்கை பிடித்து, பின்பக்கக் கண்ணாடி வழியே பாருங்கள். மரங்களும் வளைவுகளும் வரும். மலை எத்தனை முறை மறைந்து மறுபடி தெரிகிறது என்று எண்ணி, எனக்கு எழுதுங்கள். நான் எண்ணியபோது ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது.